பட்டாணியும் ஒரு தங்கையின் சீதனமும்

பிறப்புரிமையியலின் தந்தை கிரகர் மெண்டல் என்று எழுதிப் புள்ளி பெற்றவர்கள் நாம். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதும் நம்மிற் பலருக்குத் தெரியும். ஆனால் அவரது படிப்புக்குத் துணைநின்ற பெண்ணைப் பற்றி எந்தப் பரீட்சையும் என்னிடம் கேட்டதில்லை.

மெண்டல் 1822 இல், இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை விபத்தில் காயமடைந்ததால் குடும்பம் நொடித்தது. படிப்பு நின்றுவிடும் என்றிருந்த வேளையில், தங்கை தெரேசியா தமது சீதனப் பங்கில் ஒரு பகுதியை அண்ணனுக்குக் கொடுத்தார். படிப்பு தொடர்ந்தது. 1843 இல் புர்னோ நகரின் அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்த மெண்டல், 1847 இல் குருவானார். 1850 இல் ஆசிரியர் தகைமைப் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. மடத்தின் தலைவரோ அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார்.

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். பட்டாணியில் தன்மகரந்தச் சேர்க்கை இயல்பாக நடைபெறும். அதனால் கலப்பில்லாத செடிகள் கிடைக்கும். ஒரு பூவின் கேசரங்களை முதிருமுன்பே அகற்றி, வேறு செடியின் மகரந்தத்தை அதில் இட்டார். உருண்டை வித்துச் செடியையும் சுருங்கிய வித்துச் செடியையும் இவ்வாறு கலந்தபோது, முதற் சந்ததியின் வித்துகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்துவிட்டதா? அடுத்த சந்ததியில் 5474 உருண்டை வித்துகளும் 1850 சுருங்கிய வித்துகளும் கிடைத்தன. ஏறத்தாழ 3:1. மறைந்திருந்த இயல்பு அழியவில்லை என்பதை இந்த எண்ணிக்கையே காட்டியது. ஏழு இயல்புகளை அவர் இப்படி ஆராய்ந்தார். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போனதை அவர் பொறுமையாக எண்ணினார். படைப்பில் இருக்கும் ஒழுங்கு அவருக்குப் புலப்பட்டது.

1865 இல் வாசித்த ஆய்வின் பெறுமதியை அன்று எவரும் உணரவில்லை. 1884 இல் மெண்டல் காலமானார். 1900 இல் மூன்று விஞ்ஞானிகள் அதே முடிவுகளைக் கண்டபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

தங்கையின் உதவியை மெண்டல் மறக்கவில்லை. அவருடைய மூன்று ஆண்மக்களின் கல்விக்கு உதவினார். அவர்களில் இருவர் வைத்தியர்களாயினர்.

சீதனம் சேர்ப்பதற்காகப் பெண்பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்தும் வீடுகள் நம் ஊர்களில் இன்றும் உள்ளன. தெரேசியா கொடுத்தது அண்ணனுக்கு. அவருக்கு அந்த வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை. கல்வி தேடுவது நம் மார்க்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை. அன்பான பெற்றோரே, வீட்டுக்கும் நகைக்கும் என்று மகளுக்காகச் சேர்ப்பதில் அவளுடைய படிப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.