காணி வங்கியும் கைவிடப்பட்ட ஆதனங்களும்

கைத்தொழில் நகரங்கள் வளர்வது போலவே தேய்வடைவதும் உண்டு. அவ்வாறு தேய்ந்த நகரொன்றில் வெறுமையான வீடுகளுக்கு என்ன நேர்கிறது என்பதை இப்பகுதியில் கற்போம். உதாரணம்: ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ற் நகரம்.

1. பின்னணி
ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1908 இல் இந்நகரில் தொடங்கப்பட்டது. 1960 இல் நகரின் குடித்தொகை ஏறத்தாழ 197,000 ஆகும். பின்னர் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2020 குடித்தொகைக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் 81,252 பேர் மட்டுமே. மக்கள் சென்றனர், வீடுகள் நின்றன. இதன் தொடர்விளைவை நினைவிற் கொள்க:
தொழில் இழப்பு → இடப்பெயர்வு → வீட்டு விலை வீழ்ச்சி → ஆதன வரி செலுத்தாமை → வீடு கைவிடப்படல்.
கைவிடப்பட்ட வீட்டினால் பாதிக்கப்படுபவர் அதன் உரிமையாளர் மட்டுமல்லர். தீ விபத்து, குற்றச்செயல், பெறுமதி வீழ்ச்சி என்பவற்றைச் சுமப்பவர் வெளியேறாது வாழும் அயலவரே.

2. பழைய முறையின் குறைபாடு
முன்பு வரி நிலுவைகள் தனியார் முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்டன. உரிமை யாருடையது என்பது தெளிவாகப் பல ஆண்டுகள் சென்றன. அதற்குள் வீடு பாழடைந்துவிடும். 1999 இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் இக்காலத்தைக் குறைத்துத் தெளிவான உரிமை கிடைக்க வழிசெய்தது.

3. காணி வங்கி என்றால் என்ன?
“வங்கி” என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். இது கடன் வழங்கும் நிறுவனம் அன்று. கைவிடப்பட்ட ஆதனங்களைப் பொறுப்பேற்று, பராமரித்து, பயனுள்ள கைகளுக்கு மாற்றும் பொது அமைப்பாகும். அமெரிக்காவில் இதன் முன்னோடி 1971 இல் சென் லூயிஸ் நகரில் உருவானது. பிளின்ற் நகரம் அடங்கும் ஜெனசி மாவட்டத்தில் 2004 இல் காணி வங்கி அதிகார சபை நிறுவப்பட்டது.

4. பணிகள்
அ. திருத்தக்கூடிய வீடுகளைத் திருத்தி விற்றல் அல்லது வாடகைக்கு விடல்.
ஆ. திருத்த முடியாதவற்றை இடித்தகற்றல்.
இ. வெற்றுக் காணித்துண்டுகளை அருகில் வசிப்போருக்குக் குறைந்த விலைக்கு வழங்கல்.
ஈ. சமூகக் குழுக்களைக் கொண்டு வெற்றுக் காணிகளைத் துப்புரவு செய்தல்.
1973 இல் மூடப்பட்ட டுராண்ட் ஹோட்டல் கட்டடம் இவ்வங்கியின் முயற்சியால் 2010 இல் குடியிருப்பு மாடிகளாக மீண்டும் திறக்கப்பட்டது.

5. வரையறைகள்
• காணி வங்கியால் இழந்த தொழில்களை மீளக் கொண்டுவர முடியாது.
• இடித்தகற்றலுக்குப் பெருமளவு பணம் தேவை. மத்திய அரசின் நிதியில் தங்கியிருக்க நேர்கிறது.
• சிறு வரி நிலுவைக்காக ஒருவர் வீட்டையே இழக்கலாம். வரிக்காகக் கையகப்படுத்திய ஆதனம் விற்கப்படும்போது நிலுவைக்கு மேற்பட்ட தொகை முன்னைய உரிமையாளருக்கே உரியது என மிச்சிகன் உயர் நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது.

மாதிரி வினா
கைவிடப்பட்ட ஆதனங்களை ஏலத்தில் அதிக விலை கேட்பவருக்கு விற்பதிலும் காணி வங்கி முறை சிறந்தது என்பதற்குக் காரணம் ஒன்று தருக.

விடை: ஏலத்தில் வாங்குபவர் ஆதனத்தைப் பயன்படுத்தாது வைத்திருந்து மீண்டும் கைவிடலாம். காணி வங்கியோ அதனை யார், எதற்காகப் பயன்படுத்துவர் என்பதை ஆராய்ந்தே கைமாற்றும்.

குறிப்பு: “வீடுகளை இடித்தல்” என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. இடித்த பின் அந்நிலம் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.