சம்பளப் பாக்கியைக் கேட்டுப் பெறுவது எப்படி?

தில்லியிலும் ஃபரீதாபாத், நொய்டா பகுதிகளிலும் தொழிற்சாலைகளில், கட்டட வேலைகளில், கான்டிராக்டர்களிடம் பணிபுரியும் நம்மவர்கள் பலர். "ஓவர்டைம் பணம் சரியாகத் தருவதில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ?" என்று அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது

1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் நீங்கி, 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இதன்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். வேலையை விட்டு விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு இரு மடங்குக்குக் குறையாத கூலி உண்டு.

கணக்குப் போடும் முறை

ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் ரூ.15,600 என்று வைத்துக்கொள்வோம். 26 நாட்களால் வகுத்தால் நாள் கூலி ரூ.600. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ரூ.75. ஓவர்டைம் என்றால் மணிக்கு ரூ.150. மாதத்தில் 20 நாட்கள் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால் 40 மணி நேரம். வர வேண்டியது ரூ.6,000. பல இடங்களில் ஒற்றைக் கூலியாக ரூ.3,000 மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வாங்குபவரும் ஓவர்டைம் கிடைத்ததே என்று மகிழ்ந்து போகிறார். ஓராண்டில் அவர் இழப்பது ரூ.36,000!

கான்டிராக்டர் மூலம் வேலை செய்பவர்களுக்கு ஒரு செய்தி. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லியில் நடந்த கட்டுமானப் பணிகளில் நாள் கூலி ரூ.9.25. அதில் ஒரு ரூபாயை ஜமாதார்கள் கமிஷனாகப் பிடித்துக்கொண்டனர். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது.

செய்ய வேண்டியவை

1. ஒரு சிறு நோட்டில் தினமும் வந்த நேரம், போன நேரம், கையில் வாங்கிய தொகை ஆகியவற்றை எழுதி வாருங்கள். பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையதுதான். ஆனாலும் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் சொல்ல நம்மிடம் கணக்கு வேண்டாமா?

2. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வெற்று வவுச்சரில் கையெழுத்திடாதீர்கள்.

3. முதலில் எழுத்து மூலம் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பயனில்லையெனில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்து, உரிய அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். பாக்கியுடன், அதைப் போல் பத்து மடங்கு வரை நஷ்ட ஈடு வழங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

இனி, வேலை போய்விடுமோ என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். தனியே நிற்பவரை எளிதில் வெளியேற்றிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த பலர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தொழிற்சங்கமும் அவர்கள் சார்பில் கொடுக்கலாம். பணியில் இருக்கும்போது கேட்கத் துணியாதவர்கள் விலகிய பிறகாவது கேட்கலாம். ஆனால் காலம் தாழ்த்தத் தாழ்த்த, மூன்றாண்டுக்கு முந்தைய பாக்கி கைநழுவிப் போகும்.

தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணையத்தில் கிடைக்கும். எழுதப் படிக்கச் சிரமப்படும் அன்பர்களுக்கு மனு எழுத நம் உறுப்பினர்கள் உதவ வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டை மட்டும் அவர்கள் இன்றே தொடங்கிவிடட்டும்.