கணனியின் காலைப் பிரட்டு

பிரட்டுக் களத்தில் தெரியாத முகம் நின்றால் கணக்கப்பிள்ளை சும்மா விடுவாரா? கணனியிலும் பார்ப்போம். விண்டோஸ் 10, 11இல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி இருக்கும். கணனி திறந்ததும் தானாக ஓடுகிறவை அங்கே பெயரோடு நிற்கும்.

தெரியாத பெயரா? உடனே அழிச்சிடாதீங்க. நாங்கள் ஒருமுறை பயந்துபோய் அழித்தது சத்தத்துக்கான புரோகிராம். அன்று சாதாரண தரப் பிள்ளைகளின் ஸூம் வகுப்பு ஊமையாய்ப் போனது.

பெயரை நம்பாதீங்க, இருப்பிடத்தைப் பாருங்க. வலது கிளிக் செய்தால் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கலாம். விண்டோஸின் 'எஸ்விசிஹோஸ்ட்' சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது. அதே பெயர் டெம்ப் ஃபோல்டரில் கிடந்தால் பெரும்பாலும் கள்ளன்தான். சந்தேகமென்றால் 'டிசேபிள்' போதும். தவறென்றால் திரும்ப 'எனேபிள்' செய்யலாம். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஓட விடுங்கள், நேரம் எடுக்கும்.