முகூர்த்தம் இங்கே, வரவேற்பு எங்கே?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் திருவாரூர் மாவட்டம் நன்னிலம் பக்கத்துக் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் சேர்ந்தே நடக்கும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் எப்போது வரும் என்பது ஒன்று. மாசியிலோ பங்குனியிலோ மண்டபம் கிடைக்குமா என்பது இன்னொன்று. இரண்டாவது பேச்சு வளரும்போது வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி எழுகிறது: தாலி கட்டுவதையும் வரவேற்பையும் ஒரே இடத்தில் முடிப்பதா, இரண்டு இடமாகப் பிரிப்பதா? உடனே ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அதில் பாதி காதுவழி வந்தது. லட்சக்கணக்கில் செலவு செய்யப்போகிறவர்கள் அதைச் சரிபார்க்காமல் நம்பிவிடக் கூடாது.

நம்பிக்கை: ஒரே இடத்தில் நடத்துவது சிக்கனத்துக்காக இப்போது கண்டுபிடித்த வழி.

உண்மை இதற்கு நேர்மாறானது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். உளுந்து சேர்த்துச் சமைத்த சோற்று விருந்தும் அங்கேயே நடக்கிறது. சடங்குக்கு ஓரிடம், சாப்பாட்டுக்கு வேறோரிடம் என்ற பேச்சே இல்லை. காவிரி கடலில் கலக்கும் புகாரில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் நடந்த கல்யாணத்தோடுதான் சிலப்பதிகாரம் தொடங்குகிறது. அங்கும் ஒரே மண்டபம், ஒரே பந்தல்தான்.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். டெல்டா கிராமங்களில் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை கல்யாணம் பெண் வீட்டு வாசலில்தான். தெருவை அடைத்துக் கீற்றுப் பந்தல், திண்ணையில் மேளக்காரர்கள், கொல்லையில் மண்ணைத் தோண்டிக் கோட்டை அடுப்பு. பந்தி எதிர்வீட்டுக் கூடம்வரை நீளும். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம். மறுநாள் காலை முகூர்த்தம். உறவுக்காரர்கள் வந்து இறங்கியது முதல் கிளம்பும் வரை அதே தெருவில்தான் இருந்தார்கள். இதே திருவாரூர் மாவட்டத்தில் உள்ள திருவீழிமிழலைக் கோயிலில் சுவாமியே மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறார். கல்யாணத்துக்கு வேண்டிய பந்தக்காலும் அரசாணிக்காலும் கோயிலுக்குள்ளேயே தூண்களாக நிற்கின்றன. நடுவில் தூணே இல்லாமல் கட்டிய வவ்வால் நெத்தி மண்டபமும் அங்கே உண்டு. இந்த மண்ணின் வழக்கம் ஒரே இடம்தான். பிரித்து நடத்துவதே பிறகு வந்தது.

நம்பிக்கை: தாலி ஏறுவதற்கு முன் வரவேற்பு வைப்பது முறையல்ல, அதனால் வேறு நாள், வேறு இடம்தான் சரி.

வரவேற்பு சடங்கே அல்ல. அதை வை என்றோ வைக்காதே என்றோ சொல்லும் விதி எதுவும் கிடையாது. மாப்பிள்ளை அழைப்புக்காக முதல் நாள் மாலையே ஊர் கூடிவிடும். அந்த வேளையில்தான் மேடையும் சோபாவும் வந்து உட்கார்ந்தன. சட்டத்துக்கும் இதில் அக்கறையில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சடங்கைப் பற்றித்தான் பேசுகிறது. அண்ணா ஆட்சியில் 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர்கள் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். அப்படிப்பட்ட கல்யாணம் ஊரறிய நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்குக் கல்யாணம் நடந்ததற்கான ஆதாரம்தான் தேவை. வரவேற்பு எங்கே, எப்போது நடந்தது என்பதற்கு அங்கே வேலையில்லை.

ஆனாலும் வீட்டுப் பெரியவர்களின் மனசு கேட்கவில்லை என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும். அதற்கு இடத்தை மாற்ற வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். காலையில் முகூர்த்தம், அன்று மாலையே அதே மண்டபத்தில் வரவேற்பு. இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மண்டபங்களில் வாடகை முதல் நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடிகிறது. வரவேற்பை மறுநாள் மாலைக்குத் தள்ளினால் கூடுதலாக அரை நாள் வாடகை கேட்பார்கள். முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: கோயிலில் தாலி கட்டிவிட்டு, மண்டபத்தில் வரவேற்பு வைத்தால் செலவு பாதியாகும்.

கோயிலில் கட்டும் கட்டணம் குறைவு என்பது உண்மை. ஆனால் மண்டப வாடகை எங்கும் போய்விடவில்லை. அதற்கு மேல் வேனும் பஸ்ஸும் பிடிக்க வேண்டும். காலை டிபனை ஓரிடத்தில் சமைத்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பூ அலங்காரம் இரண்டு, மேளக்காரர்களுக்கு அலைச்சல், சீர்வரிசைத் தட்டுகளுக்குக் காவல். நல்ல முகூர்த்த நாளில் ஒரே சந்நிதியில் அடுத்தடுத்துப் பல ஜோடிகள் காத்திருப்பார்கள். நிதானமாகச் சடங்கு செய்ய நேரம் கிடைக்காது. வயதுச் சான்று, முகவரிச் சான்று, முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாவற்றையும் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும்.

டெல்டாவின் சாலைகளையும் மறக்கக் கூடாது. தை, மாசியில் நெல் மூட்டை லாரிகளும் அறுவடை இயந்திரங்களும் ரோட்டில்தான் போகும். பல இடங்களில் பாதி ரோட்டில் நெல் காயும். ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. அப்படியொரு நாளில் பத்து கிலோமீட்டர்கூடப் பெரிய தூரம். எண்பது வயதுப் பாட்டியைப் பட்டுப் புடவையோடு வேனில் ஏற்றி இறக்கும் சிரமம் எந்தச் செலவுப் பட்டியலிலும் வராது.

நம்பிக்கை: ஆயிரம் பேரை அழைத்தால் ஆயிரம் நாற்காலி போடும் மண்டபம் வேண்டும்.

மேடை முன்னால் இருக்கும் நாற்காலிகளை எண்ணிப் பார்த்து மண்டபம் பிடிப்பவர்கள்தான் அதிகம். எண்ண வேண்டியது சாப்பாட்டுக் கூடத்தில் விழும் இலைகளை. ஒரு பந்திக்கு 200 இலை போடலாம் என்றால் ஆயிரம் பேருக்கு ஐந்து பந்தி. இலை போட்டு, பரிமாறி, எடுத்து, மேசை துடைக்க ஒரு பந்திக்கு 40 நிமிடம் வைத்தாலும் மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். மாலை ஏழு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் கடைசிப் பந்தி எழும்போது பத்தைத் தாண்டியிருக்கும். அதன் பிறகுதான் பரிமாறியவர்கள் சாப்பிட முடியும். அவர்களே காலை நான்கு மணிக்கு இட்லி ஊற்றவும் எழ வேண்டும்.

மேடைக்கும் இதே கணக்குத்தான். வரவேற்பு அலங்காரத்தைக் கழற்றி மணவறை அமைக்க, ஆறு மணி முகூர்த்தத்துக்கு முன் ஓர் இரவு மட்டுமே இருக்கிறது. ஒரே மண்டபம் என்றால் அலங்காரமும் ஒன்றேதான் என்று பயப்படத் தேவையில்லை. அலங்காரக்காரரிடம் இரண்டு அமைப்பையும் சேர்த்துப் பேசி, எத்தனை ஆட்கள் ராத்தங்குவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கினால் போதும்.

பேசிய வாடகையோடு எல்லாம் முடிந்தது என்பதும் தவறு. மின்சாரத்துக்கு மீட்டர் கணக்கு, ஜெனரேட்டருக்கு டீசல், துப்புரவு, பாத்திரம், சிலிண்டர் எல்லாம் பல இடங்களில் தனி. ஜிஎஸ்டி பதிவுள்ள மண்டபமானால் வாடகை மேல் 18 விழுக்காடு வரியும் சேரும்.

இரண்டு இடம் அவசியமாகும் கல்யாணங்களும் உண்டு. கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயம்தான் திருமண இடம். விருந்துக்குத் தனியே மண்டபம் தேவைப்படும். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்த பின் மாப்பிள்ளை வீட்டார் வலிமா விருந்து வைப்பார்கள். குலதெய்வக் கோயிலில் தாலி கட்டுவதாக வேண்டுதல் இருந்தால் அதை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சம்பந்தி வீட்டு உறவுகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அங்கே தனியாக ஒரு வரவேற்பு வைப்பதும் நியாயமே. இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாத குடும்பத்துக்கு ஒரே மண்டபமே நல்லது.

நம்பிக்கை: மண்டபம் பார்க்கப் பளிச்சென்று இருந்தால் போதும்.

எல்லா நம்பிக்கைகளிலும் ஆபத்தானது இதுதான். 2004 ஜனவரி 23, தை மாத முகூர்த்த நாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், கீற்றுக் கூரையின் கீழ் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வீடியோ எடுக்கப் போட்டிருந்த மின்சார வயரிலிருந்து கூரையில் தீப்பிடித்தது. இறங்கும் வழி குறுகல். மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று கீற்று குறைந்துவிட்டது. ஆனால் ஹோமம் வளர்க்கும் மேடைக்குப் பின்னால் துணியும் தெர்மாகோலும் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி வரிசையாக விளக்கு வயர்கள். இரண்டு நிகழ்ச்சியும் ஒரே இடத்தில் என்னும்போது, நூற்றுக்கணக்கானவர்கள் ஓர் இரவும் ஒரு பகலும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார்கள். குழந்தைகள் மாடி அறைகளில் தூங்குகிறார்கள்.

கல்யாண மண்டபங்கள் 1965ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்கீழ் வருகின்றன. உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. முன்பணம் கொடுக்கப் போகும் நாளில் மேடையைப் பார்ப்பதற்கு முன் மாடிப்படியைப் பாருங்கள். கீழே இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா, அதன் கதவு பூட்டாமல் இருக்கிறதா என்று நீங்களே போய்த் திறந்து பாருங்கள். இல்லையென்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மண்டபம் வேண்டாம்.