முறிந்த துப்பாக்கிக் கட்டையைச் செப்பனிடுதல்

பயிர்க் காவலுக்காக லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியொன்று வரப்பில் தவறி விழுந்து, அதன் மரக்கட்டை முறிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். குழலுக்கும் விசைக்கும் யாதொரு சேதமும் இல்லை. உடையவர் பெரும்பாலும் முறிவின்மேல் கம்பியைச் சுற்றுவார். அல்லது ஊர்த் தச்சரிடம் கொடுத்து இரண்டு ஆணி அடித்துவரச் சொல்லுவார். இவ்விரண்டும் தவறு. முன்னது சுடுபவரின் முகத்துக்கும் கைக்கும் அபாயம். பின்னது உதவி செய்த தச்சரையே சிறைக்கு அனுப்பக்கூடியது.

1. சட்டம் கூறுவது

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக 1959-ம் வருஷத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 1962-ல் அமலுக்கு வந்தது. உண்மையான பயிர்க் காவலுக்கு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்க அதில் இடமுண்டு. ஆனால் அதன் 5-வது பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் அவசியம். வைத்திருக்கும் லைசென்ஸ் வேறு. பழுது பார்க்கும் லைசென்ஸ் வேறு. 2019-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், இதை மீறுவோருக்கு 7 வருஷத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கப்படும். ஆகையால் திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ எத்துணைத் தேர்ந்த தச்சர் இருப்பினும், இவ்வேலையை லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பழுதுக்காரரிடமே கொடுத்தல் வேண்டும். கொடுக்குமுன் குழலில் மருந்து இல்லையென்பதை நிச்சயித்துக் கொள்க. வேலை நடக்கும் முறையை உடையவரும் அறிந்திருந்தால், நல்ல வேலையையும் மேற்பூச்சு வேலையையும் பிரித்தறியலாம்.

2. முறியும் இடமும் காரணமும்

கட்டை பெரும்பாலும் கைப்பிடியாகிய கழுத்துப் பாகத்திலேயே முறிகிறது. அவ்விடம் மெல்லியது, வளைவினால் மரத்தின் நார் ஓட்டம் குறுக்கே அறுபட்டிருக்கும். சுடும்போது குழல் பின்னோக்கி உதைக்கும் வேகம் முழுதும் அவ்வழியாகவே தோளுக்குச் செல்லுகிறது. மேலும், இரும்புக்கு இடும் எண்ணெய் வருஷக்கணக்காக அங்கே ஊறி மரத்தை மெதுவாக்குகிறது. வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .303 ரைபிள்களில், முன்கட்டை பிளவாதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி வைத்தார்கள். பிளவைக் குறுக்கே பிணைக்க வேண்டும் என்னும் தத்துவம் இதிலிருந்து விளங்கும்.

3. ஒட்டும் முறை

முதலில் இரும்புப் பாகங்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும். முறிந்த முகங்களை உளியால் செதுக்கவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. நாரோடு நார் பொருந்துவதே பலம். எண்ணெய் ஊறியிருந்தால் அசிடோன் நனைத்த துணியால் பலமுறை துடைத்து நன்கு உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் எப்பசையும் பிடிக்காது. பழைய காலத்து வஜ்ரம் ஈரத்தில் இளகும் தன்மையது. பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்று வீசும் ஊர்களுக்கு இருபாகம் கலந்து பூசும் எபாக்ஸி பசையே ஏற்றது. பசையிட்டபின் பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, இழுத்து நெருக்கிச் சுற்றி, ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு முறிவின் குறுக்கே துளையிட்டு, வைரம் பாய்ந்த மரமுளையோ மறையிட்ட பித்தளைக் கம்பியோ பசையுடன் செலுத்த வேண்டும். இரும்பாணி துருவேறி மரத்தைப் பிளக்கும். கட்டை பல துண்டுகளாகச் சிதறியிருந்தாலும், உளுத்திருந்தாலும், புதுக் கட்டையே போடுவது நலம்.

4. மெருகேற்றுதல்

நார் ஓட்டத்தின் போக்கிலேயே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பின் ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் சிலும்பு எழும்பும். உலர்ந்தபின் மறுபடி தேய்த்தால் வழவழப்பு நிலைக்கும். அரக்குப் பாலிஷ் பளபளக்குமாயினும் மழைநீர் பட்டால் வெண்மை பூக்கும். ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அடுத்ததை இடுதல் நன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்குமாகையால், மாசி, பங்குனியே இவ்வேலைக்குத் தக்க காலம்.

எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் நனைந்த கந்தலைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். அதை விரித்து வெளியில் உலர்த்துக. அல்லது தண்ணீரில் அமிழ்த்துக.

5. திரும்பப் பெறும்போது பார்க்க வேண்டியவை

(அ) ஒட்டிய கோடு மயிரிழையாக இருக்கிறதா? (ஆ) கட்டையை விரலால் தட்டினால் கணீரென்கிறதா? மொந்தையான ஓசை உள்ளே பிளவிருப்பதைக் காட்டும். (இ) குழலின் பின்வால் இரும்புக்கும் மரத்துக்கும் இடையே சிறு இடைவெளி விடப்பட்டிருக்கிறதா? அது மரத்தை முட்டினால் ஒவ்வொரு உதையிலும் ஆப்புப்போல் இறங்கி, மறுபடி பிளந்துவிடும்.

கட்டை செப்பமானது சுடுவதற்கு அனுமதியாகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றி முதலிய பிராணிகளையும் காக்கிறது. கட்டைக்குச் செலவிடும் சிறு தொகையும் பொறுமையும், பிற்பாடு ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அலைவதைத் தவிர்க்கும்.