மலை இறங்கும் வீட்டுவண்டி

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்னும் இரண்டு சொற்களை நன்கு அறிவர். மூட்டைகள் பின்னே மிகுந்துவிட்டால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னே மிகுந்தால் கழுத்துக் கனத்து மாடு தளர்ந்துவிடும். பௌதிகத்தில் முதுகலை பயிலும் நான் இப்பாடத்தைச் சென்ற ஓண விடுமுறையில்தான் கற்றேன். நண்பர் நால்வர், நாய்கள் இரண்டு, ஒரு ஜீப், அதன் பின்னே ஒரு வீட்டுவண்டி. பாலக்காட்டிலிருந்து புறப்பட்டு உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு வழியே போடிமெட்டில் இறங்குவது எங்கள் திட்டம்.

வீட்டுவண்டி என நான் குறிப்பது, மோட்டார் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லரை. படுக்கையும் சமையல் மேடையும் அதற்குள்ளேயே இருக்கும். கேரள அரசு காரவன் சுற்றுலாக் கொள்கையை 2021-இல் அறிவித்தது. மறு ஆண்டே இடுக்கி மாவட்டத்து வாகமணில் முதல் காரவன் பூங்கா திறக்கப்பட்டது. ஆனால் அங்கு வருபவற்றில் பெரும்பாலானவை எஞ்சினோடு தாமே ஓடுபவை. இழுத்துச் செல்லும் வண்டியின் குணம் வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவும் வேண்டும். நண்பனின் சிற்றப்பாவிடம் அப்படிப் பதிவான வண்டி ஒன்று இருந்தது. பாரத்தோடு 800 கிலோ; தனக்கென்று பிரேக் இல்லாதது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. ஆனைமலைப் பக்கத்து ஆனைமுடி 2,695 மீட்டர். பாலக்காட்டுக் கணவாயின் தரையோ ஏறக்குறைய 140 மீட்டரே. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாசலில் நெருக்கிக்கொண்டு புகுந்து கிழக்கே பாய்கிறது. உடுமலைச் சுற்றுப்புறத்தில் காற்றாலைகள் கூட்டங்கூட்டமாக நிற்பதற்குக் காரணம் அதுவே. உடுமலையிலிருந்து சின்னாறு நோக்கித் தெற்கே திரும்பியவுடன் அக்காற்று எங்கள் வலப்பக்கத்தில் மோதியது. வண்டியின் பக்கச்சுவர் 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அச்சுவரின் மேல் விழும் விசை, கிட்டத்தட்ட 110 கிலோ எடைக்குச் சமம். இரண்டு ஆட்கள் ஓயாமல் தள்ளிக்கொண்டே வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

எதிரே ஒரு லாரி கடந்தது. வண்டியின் பின்புறம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிது. ஜீப்பையே அது பிடித்து உலுக்கியது. இது தற்செயல் அன்று. ஊஞ்சலின் ஆட்டத்தைக் காற்றுத்தடை குறைப்பதுபோல, வண்டியின் பக்கவாட்டு ஆட்டத்தைச் சக்கரங்களின் பிடிப்புத் தணிக்கிறது. வேகம் கூடக் கூட அத்தணிப்புக் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் தணிப்பதற்குப் பதிலாக ஆட்டம் தானே வளரும். பின்பாரம் மிகுந்தால் அவ்வேகம் மிகவும் தாழ்ந்துவிடும். சமையல் மேடை பின்னால் இருக்கிறதே என்று தண்ணீர்க் கேன்கள், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் அனைத்தையும் நான்தான் பின்னாலேயே அடுக்கச் சொல்லியிருந்தேன்!

நல்ல வேளையாக ஓட்டியவன் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேரே பிடித்துக்கொண்டிருந்தான். வேகம் குறைந்தது, ஆட்டமும் அடங்கியது. ஓரமாக நிறுத்திக் கொக்கியைக் கழற்றியபோது, ஒரு கையாலேயே அதைத் தூக்க முடிந்தது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்தவேண்டும் என்பது பல நாடுகளில் வழங்கும் கணக்கு. எங்களுக்கு அது 80 கிலோ. இழுக்கும் வண்டி தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதவைத் திறந்தோம். மணியும் கறுப்பனும் படுக்கைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தன. ஜீப்பில் இடம் போதாது, அவை உள்ளேயே வரட்டும் என்று சொன்னவனும் நானே. இழுபடும் வண்டிக்குள் எந்த உயிரும் இருக்கலாகாது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதங்களைத் தவிர வேறிடத்தில் பயன்படுமளவு இல்லை. மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். அடைத்த வண்டியில் அந்த வழியும் அற்றுப்போகும். அரிசி மூட்டையை அச்சுக்கு நேரே மாற்றினோம், கேன்களை அதற்குச் சற்று முன்னே வைத்தோம், நாய்களை மடியில் ஏற்றிக்கொண்டோம்.

1984-இல் அமைந்த சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடே செல்கையில் அவற்றைக் கீழே விடவில்லை. யானைக்கு அஞ்சி மட்டும் அன்று. நாய்களின் டிஸ்டெம்பர் நோய் காட்டு விலங்குகளுக்கும் பரவக்கூடியது. 2018-இல் கிர் காட்டில் 20-க்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது அந்நோய்க் கிருமி கண்டறியப்பட்டது. தடுப்பூசி போட்ட நாயாயினும் அக்காட்டில் அதற்கு வேலையில்லை.

மூணாற்று மழையையும் தேயிலைத் தோட்டங்களையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். நான் போடிமெட்டுக்கு வந்துவிடுகிறேன்.

அங்கே தேநீர்க் கடையில் ஒரு லாரி ஓட்டுநர் எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, ஏறின கியரிலேயே இறங்குங்க” என்றார். “சரிங்கண்ணே” என்றேன். இப்போது ஓட்டும் முறை என்னுடையது. மூன்றாம் கியரில் இறங்கினேன். அவர் சொன்னது செவியில் விழுந்தது, கருத்தில் பதியவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஜீப்பும் ஆட்களும் சாமானும் 2,000 கிலோ, வண்டி 800 கிலோ. போடிமெட்டிலிருந்து முந்தல் அடிவாரம் ஏறக்குறைய 1,000 மீட்டர் பள்ளம். எடையை உயரத்தால் பெருக்கினால் வரும் ஆற்றல் சுமார் 270 இலட்சம் ஜூல். ஏறும்போது பெட்ரோல் கொடுத்த ஆற்றல், இறங்கும்போது எங்காவது வெப்பமாகக் கழிந்தே தீரவேண்டும். 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அவ்வெப்பம் போதும்! பிரேக்கின் இரும்பு மொத்தம் 40 கிலோ என்று கொள்வோம். காற்று ஒரு சிறிதும் கொண்டுபோகாவிடில் அவ்விரும்பு 1,500 பாகை சூடேறும். இரும்பு உருகுவதே 1,538 பாகையில். உண்மையில் காற்று பெரும்பகுதியைக் கொண்டுபோகிறது. ஆனால் ஆமைபோல் ஊர்ந்து இறங்கும் மலைச்சாலையில் காற்றோட்டம் குறைவு.

பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுதோறும் பின்வண்டியின் சக்கரம் உட்புறம் ஒதுங்கும். ஆதலால் அகலத் திருப்பவேண்டும். அதிலேயே என் கவனம் இருந்தது. சில வளைவுகள் கடந்ததும் கருகல் நாற்றம் வந்தது. அடுத்த வளைவுக்குமுன் மிதித்தேன். பெடல் எதிர்ப்பின்றி உள்ளே போயிற்று. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகை புதிதாயிருக்கையில் 230 பாகைக்குமேல் கொதிக்கும். ஈரம் ஏறினால் அவ்வரம்பு 155 பாகையாகத் தாழ்ந்துவிடும். எண்ணெய் ஆவியானால் மிதிக்கும் விசை ஆவியைச் சுருக்குவதில் செலவாகும், சக்கரத்துக்கு எட்டாது.

“என்னப்பா?” என்றான் அருகிலிருந்தவன். விடை சொல்ல நேரமில்லை. இரண்டாம் கியர், பிறகு முதல் கியர். எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கம் அகன்றிருந்த ஓரிடத்தில் மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். ஒருவன் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்தான், தடுத்தேன். சுட்ட இரும்பில் நீர் விழுந்தால் அது கோணும், வெடிக்கவும் கூடும்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கறுப்பன் ஜீப்பின் நிழலில் உறங்கிவிட்டது. எவனும் என்னோடு பேசவில்லை. பெடல் மீண்டும் இறுகியதைப் பலமுறை சோதித்தபின், வண்டியை வேறொருவனிடம் கொடுத்தேன். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக இறங்கினோம். எஞ்சினின் உராய்வும், காற்றை உள்ளிழுத்துத் தள்ளும் வேலையும் வேகத்தை அடக்கின. அவ்வெப்பம் ரேடியேட்டர் வழியும் புகைக்குழாய் வழியும் வெளியேறியது. பிரேக் வளைவுகளில் மட்டும் தொடப்பட்டது. முந்தலை அடைந்ததும் இறங்கிப் போய் முன்சக்கரத்தின் அருகே கையை நீட்டினேன். கை வைக்க முடிந்தது.