டேலியில் பறக்கும் விரல்கள் எக்செல்லிலும் பறக்கட்டும்

ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி போடுகிறவர்களைப் பாருங்கள். பேமெண்ட்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. வவுச்சர் போடும்போதே புது லெட்ஜர் வேண்டுமா, ஆல்ட் + சி. என்ட்ரி முடிந்ததா, கன்ட்ரோல் + ஏ. கண் பில்லிலேயே இருக்கும். கை மவுஸைத் தேடாது. அதே ஆள் எக்செல்லைத் திறந்ததும் மவுஸைப் பிடித்து ஆயிரம் வரிகளை உருட்டுவார். பழக்கம் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எக்செல்லுக்கும் கொண்டுபோனால் போதும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘100 ஷார்ட்கட்’ பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒன்றும் தங்காது. எந்த வேலைக்காக உங்கள் கை அடிக்கடி மவுஸுக்குப் போகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். அந்த வேலைக்கான விசையை மட்டும் இந்த வாரம் பழகுங்கள்.

பலருக்கும் அது உருட்டுவதாகத்தான் இருக்கும். கன்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியைத் தட்டினால் பட்டியலின் கடைசி வரிக்கே போய்விடலாம். ஷிஃப்ட்டையும் சேர்த்தால் வழியில் உள்ளதெல்லாம் செலக்ட் ஆகிவிடும். நடுவில் காலி செல் இருந்தால் அங்கேயே நின்றுவிடும், ஜாக்கிரதை.

விற்பனைப் பட்டியலில் ஒரு பார்ட்டியின் பில்களை மட்டும் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எல் அழுத்தினால் ஃபில்டர் வந்துவிடும். பார்ட்டி பெயர்த் தலைப்பில் நின்று ஆல்ட் + கீழ் அம்புக்குறி, பிறகு இ; தேடும் கட்டத்தில் பெயரை அடித்து என்டர். கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + சி. கன்ட்ரோல் + பேஜ் டவுன் மூலம் அடுத்த ஷீட்டுக்குப் போய் கன்ட்ரோல் + ஆல்ட் + வி, பிறகு வி, என்டர். ஃபார்முலா ஒட்டாமல் மதிப்பு மட்டும் வந்து உட்காரும். இந்த ஒரு கோவை கைக்கு வந்துவிட்டால் பாதி ரிப்போர்ட் வேலை முடிந்த மாதிரி.

விசை மறந்துபோனால் ஆல்ட்டைத் தட்டிவிடுங்கள். மேலே ஒவ்வொரு மெனுவின் மீதும் ஓர் எழுத்து தெரியும். அதைப் பார்த்தே போகலாம். எச், ஓ, ஐ என்று வரிசையாக அழுத்தினால் நெடுவரிசையின் அகலம் தானாகச் சரியாகும்.

கீபோர்டிலேயே முழு வேலையும் முடியுமா என்ற சந்தேகமே வேண்டாம். பார்வையற்ற ஊழியர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளோடு அப்படித்தான் எக்செல்லில் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் சார்ட்டை இழுத்து நகர்த்த, படத்தை வெட்ட மவுஸே வசதி. அதற்கு அதையே பிடியுங்கள்.

லேப்டாப்பில் செல்லைத் திருத்த எஃப்2 அழுத்தினால் சத்தமோ வெளிச்சமோ மாறுகிறதா? எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.

ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 11, 20 தேதிகளை ஒட்டி மட்டும் இந்தப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். பழகும்வரை முதல் சில நாள் வேகம் குறையத்தான் செய்யும். மாதத்தில் நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.